சிசு மரணம்: எண் இறங்குகிறது, கணக்கு கடினமாகிறது

தெருவின் முதல் வீட்டில் தொடங்கி, கையில் பட்டியலுடன் வாசல் வாசலாக நிற்கிறார் கணக்கெடுப்புக் கண்காணிப்பாளர். கேட்பவை மூன்றே விஷயங்கள். கடந்த ஆறு மாதத்தில் இந்த வீட்டில் குழந்தை பிறந்ததா? யாராவது இறந்தார்களா? போன முறை வந்தபோது மாசமாக இருந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

மூன்றாவது கேள்விக்குத்தான் பல வீடுகளில் உடனே பதில் வருவதில்லை. பிறந்து இரண்டாம் நாளே இறந்துபோன குழந்தையைப் பற்றி யாரும் தாமாக வாய் திறப்பதில்லை. பெயர் வைத்திருக்க மாட்டார்கள், தொட்டில் கட்டியிருக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்குக்கூட முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் போன சுற்றில் 'ஏழு மாதம்' என்று எழுதிவைத்த கர்ப்பத்துக்கு இந்தச் சுற்றில் ஒரு முடிவு எழுதப்பட்டாக வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் மறைந்துபோகவிருந்த ஒரு மரணம் கணக்குக்குள் வருகிறது.

இதே ஊரில் அங்கன்வாடி ஊழியரோ ஆசிரியரோ ஒருவர், பகுதிநேரப் பணியாக, பிறப்பையும் இறப்பையும் நடக்க நடக்கப் பதிவேட்டில் எழுதி வருகிறார். கண்காணிப்பாளர் அந்தப் பதிவேட்டைப் பார்க்காமலேயே தன் கணக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத ஒவ்வொரு பிறப்புக்கும் இறப்புக்கும் மறுபடி அந்த வீட்டுக்கே ஆள் போக வேண்டும். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 1960-களின் நடுவில் சோதனை முறையில் தொடங்கி, 1970 வாக்கில் நாடு முழுவதும் விரித்த மாதிரிப் பதிவுத் திட்டம் இதுதான். துறைக்குள் எல்லோருக்கும் இது 'எஸ்.ஆர்.எஸ்.' இன்று சுமார் 8,800 ஊர்களிலும் நகர்ப்புறப் பகுதிகளிலும் ஏறக்குறைய 80 லட்சம் பேரை இது பின்தொடர்கிறது. சட்டமன்றத்தில் படிக்கப்படும் சிசு மரண விகிதம் இந்த வாசல்களிலிருந்துதான் வருகிறது.

■ பெட்டி: கணக்கு எப்படி?

ஓராண்டில், ஒரு வயது நிறையும் முன் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை அதே ஆண்டில் உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் கிடைப்பது சிசு மரண விகிதம்.

இதில் முதல் 28 நாட்களுக்குள் நிகழ்பவை பச்சிளங்குழந்தை இறப்புகள். அவற்றிலும் முதல் ஏழு நாட்களுக்குள் நிகழ்பவற்றைத் தனியே பிரிக்கிறார்கள். 28 நாட்களைத் தாண்டி, ஒரு வயதுக்குள் நிகழ்பவை இன்னொரு பிரிவு. உயிரில்லாமல் பிறந்த குழந்தைகள் இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் சேர மாட்டார்கள்.

ஐம்பது ஆண்டு இறக்கம்

1971-இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஒன்பதில் ஒன்று என்று சொல்லலாம். 2021-க்கான எஸ்.ஆர்.எஸ். அறிக்கை தரும் எண் 12. நாட்டின் சராசரி இதே காலத்தில் 129-லிருந்து 27-க்கு வந்தது.

■ பெட்டி: ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்குச் சிசு மரணம் (எஸ்.ஆர்.எஸ்.)

1971: இந்தியா 129, தமிழ்நாடு 113, கேரளம் 58
1981: இந்தியா 110, தமிழ்நாடு 91, கேரளம் 37
1991: இந்தியா 80, தமிழ்நாடு 57, கேரளம் 16
2001: இந்தியா 66, தமிழ்நாடு 49, கேரளம் 11
2011: இந்தியா 44, தமிழ்நாடு 22, கேரளம் 12
2020: இந்தியா 28, தமிழ்நாடு 13, கேரளம் 6

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தால் சீரான சரிவு போலத் தெரியும். வரிக்கு வரி நின்று பார்த்தால் அப்படியில்லை. தமிழ்நாடு 1981-க்கும் 1991-க்கும் இடையில் 34 புள்ளிகள் இறங்கியது. அடுத்த பத்தாண்டில் இறங்கியது வெறும் 8. அதற்கடுத்த பத்தாண்டில் 27. கேரளமோ 2001-இல் 11-ஐத் தொட்டுவிட்டு, பத்தாண்டு கழித்தும் 12-இல் நின்றது. வேகமாக இறங்குவதும், சட்டென்று தேங்குவதும், மறுபடி இறங்குவதுமாகத்தான் இந்த எண் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தேக்கமும், அதுவரை பயன்பட்ட வைத்தியம் இனிப் போதாது என்பதன் அறிகுறி.

தொடக்க காலத்தில் குழந்தைகளைக் கொன்றவை வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை, ரணஜன்னி. அரிவாளாலோ பழைய பிளேடாலோ தொப்புள்கொடி அறுக்கப்பட்டு, அதன்மேல் சாம்பலோ சாணமோ பூசப்பட்ட குழந்தைகள் ஒரு வாரத்தில் பால் குடிப்பதை நிறுத்தி, தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து இறந்தன. கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் போதும், அந்த மரணம் நின்றுவிடும். 1985-இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம், உப்பு-சர்க்கரைக் கரைசல், மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டுப் பார்த்த 1980-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1982-இன் சத்துணவு, கிராம சுகாதார செவிலியர் எல்லாம் சேர்ந்து செய்தது இந்த முதல் இறக்கத்தை. இவை மருத்துவர் இல்லாமலே, வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலைகள். பச்சிளங்குழந்தைகளை ரணஜன்னி தாக்குவது இந்தியாவில் ஒழிந்ததாக 2015-இல் அறிவிக்கப்பட்டது.

1990-களின் தேக்கத்துக்குக் காரணம், மிச்சமிருந்த மரணங்கள் பிரசவ அறைக்குள் நடந்தவை. 1992-93 தேசிய குடும்பநல ஆய்வின்போது தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் மூன்றில் இரண்டைக்கூடத் தொடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையை 2006-இல் 6,000 ரூபாயாக உயர்த்தியது (இன்று 18,000), 2008-இல் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ், தட்டுப்பாடில்லாமல் மருந்து கிடைக்க வழிசெய்த மருத்துவப் பணிகள் கழகம் என்று அடுக்கடுக்காக வந்தவைதான் 49-ஐ 22 ஆக்கின. 2019-21 ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். இந்தக் கருவியும் அத்துடன் தீர்ந்துவிட்டது. நூறுக்கு மேல் உயர்த்த இனி இடமில்லை.

'சமூகக் காரணங்கள்'

தமிழ்நாட்டின் சிசு மரணக் கணக்கில் ஒரு பகுதி எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாதது. 1980-களின் நடுவில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைகள் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, அது ஏதோ ஒரு வட்டாரத்தின், ஒரு சமூகத்தின் பழக்கம் என்றே பேசப்பட்டது. அதை மறுத்தவை ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகள். சிசு இறப்புக்கான காரணத்தை எழுத வேண்டிய கட்டத்தில் சில செவிலியர்கள் 'சமூகக் காரணங்கள்' என்று எழுதி வந்தார்கள். கொலை என்று எழுதினால் காவல் நிலையம், வழக்கு, அதே ஊரில் தொடர்ந்து வேலை பார்க்க முடியாத நிலை. காய்ச்சல் என்று பொய் எழுதவும் மனமில்லை.

ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1995-ஆம் ஆண்டுப் பதிவேடுகளை மாநிலம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்து 1997-இல் வெளியிட்டார்கள். அப்படிக் குறிக்கப்பட்ட பெண் சிசு இறப்புகள் ஓராண்டில் மூவாயிரத்தைத் தாண்டின. மதுரையில் தொடங்கி திண்டுக்கல், சேலம், தருமபுரி வழியாக வடக்கே நீளும் ஒரு பட்டையில் அவை குவிந்திருந்தன. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இந்தப் பட்டையின் மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மறைவு வேறு வழியிலும் தெரியும். உடலமைப்பின்படி ஆண் குழந்தைதான் முதல் மாதத்தில் பலவீனமானது. எங்கும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே கூடுதலாக இறக்கும். பெண்ணின் விகிதம் ஆணுக்குச் சமமாக வந்தாலே எங்கோ கவனிப்பில் ஓரவஞ்சனை இருக்கிறது என்று பொருள். 2011-இல் இந்தியாவில் ஆண் 43, பெண் 46. 2020-இல் இரண்டும் 28. சமத்துவம் வந்துவிட்டது என்று இதைக் கொண்டாடியவர்கள் உண்டு. இந்தக் கணக்கில் சமம் என்பதே பெண் குழந்தைக்கு நட்டம்.

மரணம் முதல் வாரத்துக்கு நகர்கிறது

1990-இல் இந்தியாவில் ஆயிரத்துக்கு 80 சிசு இறப்பு என்றால் அதில் 53 முதல் 28 நாட்களுக்குள். 2020-இல் 28-க்கு 20. ஒரு மாதம் தாண்டிய குழந்தைகளின் இறப்பு 27-லிருந்து 8 ஆனது. முதல் மாத இறப்பு அந்த வேகத்தில் குறையவில்லை. அந்த 20-லும் 15 முதல் ஏழு நாட்களுக்குள் நிகழ்ந்தவை. ஆக, நாட்டின் சிசு மரணங்களில் பாதிக்கு மேல் பிறந்த ஒரு வாரத்துக்குள். தமிழ்நாட்டில் 13-க்கு 9 முதல் மாதத்தில்.

இதன் விளைவு பெரிது. வயிற்றுப்போக்கில் வாடும் ஒன்பது மாதக் குழந்தையைக் காப்பாற்ற ஒரு பொட்டலம் உப்புக் கரைசல் போதும். 30-ஆவது வாரத்தில் 1.2 கிலோவில் பிறந்த குழந்தைக்கு அப்படி எதுவும் கிடையாது. அது வார்மரில் கிடக்கும். வயிற்றில் ஒட்டிய வெப்ப உணரி, காலில் சிவப்பு விளக்கெரியும் ஆக்சிஜன் கிளிப், மூக்கில் குழாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வழியாகச் சில மில்லி தாய்ப்பால். நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க சர்ஃபாக்டன்ட் மருந்து. இத்தனையும் இருந்தும் இந்தக் குழந்தைகள் திடீரென்று மூச்சுவிட மறந்துவிடும். யாராவது ஒருவர் பார்த்து, உள்ளங்காலைச் சுண்டிவிட்டால் மூச்சு திரும்பும். பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் திரும்பாது. வார்மர் வாங்குவது ஒரே ஒரு டெண்டர். அதற்குப் பக்கத்தில் இரவு மூன்று மணிக்கும் கை கழுவிவிட்டு நிற்கும் செவிலியர் ஆண்டுக்கணக்கில் சம்பளம் தர வேண்டிய பணியிடம். திறப்பு விழாக்களில் முதலாவதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

எல்லாமே விலை உயர்ந்த சிகிச்சை என்றும் இல்லை. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலை முன்கூட்டியே முதிரவைக்கிறது. நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். மருந்தின் விலை மிகக் குறைவு. கொலம்பியாவின் போகோட்டாவில் 1978-இல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த கங்காரு முறையில் அதுவும் வேண்டாம். தாயின் மார்போடு தோல் படக் குழந்தையைக் கட்டி வைத்தால் சூடும் பாலும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்க வைத்தார்கள். அந்த ஊர்களில் முதல் மாத இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. 2011-இல் நாடு முழுவதும் ஆஷா பணியாளர்களின் வேலையில் இது சேர்ந்தது.

ஆனால் எடை குறைந்த குழந்தை பிரசவ அறையில் உருவாவதில்லை. தாயின் ரத்தசோகை, மிக இளம் வயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவம், கண்டுகொள்ளாமல் விட்ட ரத்த அழுத்தம் என்று அதன் வேர்கள் பின்னோக்கிப் போகின்றன. தாலுகா மருத்துவமனையிலிருந்து மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்பும் வழியில் குழந்தையின் உடல் சில்லிட்டுப் போவது இன்னொரு பழைய சிக்கல். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் குழந்தையைச் சூடாக வைத்துக் கொண்டுபோகும் ஏற்பாடு எல்லா வண்டியிலும் வந்துவிடவில்லை.

கேரளம் பத்தாண்டுக்கு மேல் நின்றது ஏறக்குறைய 12-இல். தமிழ்நாடு இப்போது வந்து சேர்ந்திருப்பதும் அதே இடம். அங்கே அதற்குள் தொற்றும் பட்டினியும் பெரும்பாலும் விலகி, குறைமாதமும் பிறவிக் குறைபாடுகளும் மேலே வந்துவிட்டன. 2017-இல் அந்த மாநிலம் 'ஹ்ருத்யம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, இதயக் கோளாறுடன் பிறக்கும் குழந்தைகளைப் பதிவுசெய்து, எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்ய வைத்தது. விகிதம் 2017-இல் 10, 2018-இல் 7, 2020-இல் 6. முழுப் பெருமையும் ஒரே திட்டத்துக்குப் போகாது என்றாலும், எந்தக் கருவி வேண்டும் என்பதற்கு அது தெளிவான தடயம். 12-க்குக் கீழே இறங்க வேண்டுமானால் குழந்தை இதய அறுவை சிகிச்சை மேசையும் பொது சுகாதாரத்தின் கணக்கில் வந்தாக வேண்டும்.

ஒரு மாநிலம், மூன்று எண்கள்

தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் எவ்வளவு என்று கேட்டால், கேட்கப்படும் ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். எஸ்.ஆர்.எஸ். 2020-க்கு 13 என்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) 18.6 என்கிறது. மாநில சுகாதாரத் துறை தன் சொந்தப் பதிவுகளை வைத்து அண்மை ஆண்டுகளில் ஒற்றை இலக்கம் சொல்லி வருகிறது.

யாரும் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குடும்பநல ஆய்வு தாய்மார்களிடம் அவர்கள் பெற்ற பிள்ளைகள் அனைவரையும் வரிசையாகக் கேட்டு, கடந்த ஐந்தாண்டைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. எனவே அதன் எண் சற்றுப் பழைய காலத்தையும் தன்னுள் வைத்திருக்கும். எஸ்.ஆர்.எஸ். ஓராண்டுக்கானது. துறைப் பதிவுகள் மருத்துவமனையில் நடந்ததை உடனுக்குடன் காட்டும். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு நடந்தவற்றையும், வேறு மாநிலத்துக்குத் திரும்பிய தொழிலாளர் குடும்பத்துக் குழந்தையின் முடிவையும் எளிதில் தவறவிடும். ஒரே அளவுகோலை ஆண்டுதோறும் தொடர்ந்து பார்ப்பதில் தவறில்லை. போன ஆண்டுக்கு ஒன்றையும் இந்த ஆண்டுக்கு இன்னொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 'குறைத்துவிட்டோம்' என்பதுதான் பிழை. மேடைகளில் இது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு சிக்கல், எண் சின்னதாக ஆக ஆக அதன் ஆட்டம் பெரிதாகத் தெரிவது. ஒரு மாநிலத்தின் மாதிரியில் ஆண்டுக்கு 6,000 பிறப்புகள் பதிவாவதாக வைத்துக்கொள்வோம். விகிதம் 13 என்றால் அந்த மாதிரியில் இறந்தவை 78 குழந்தைகள். எதுவுமே மாறாதபோதும், வெறும் தற்செயலால் இந்த 78 என்பது 61-க்கும் 95-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். அதாவது விகிதம் 10-க்கும் 16-க்கும் இடையில். ஆகவே 13 அடுத்த ஆண்டு 12 ஆனதைச் சாதனை என்றோ, 14 ஆனதைச் சரிவு என்றோ சொல்ல அந்த எண்ணுக்கே தெம்பில்லை. சிறிய மாநிலங்களுக்கு எஸ்.ஆர்.எஸ். மூன்றாண்டுச் சராசரியைத் தருவது இதனால்தான். மாவட்ட அளவில் அது எண்ணே தருவதில்லை.

போதாததற்குத் தாமதம். 2021-க்கான எஸ்.ஆர்.எஸ். எண்கள் 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தன. மாதிரி ஊர்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மாற்ற வேண்டும். 2021 கணக்கெடுப்பு நடக்காததால் 2011-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய மாதிரியே தொடர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் சென்னை, கோவை, திருப்பூரைச் சுற்றி வளர்ந்த புறநகர்களும் அங்கே குடியேறிய வெளிமாநிலத்துக் குடும்பங்களும் அந்தப் பழைய வரைபடத்தில் அவற்றுக்குரிய அளவில் இல்லை.

மூச்சு விட்டதா, இல்லையா?

பிறந்த குழந்தை ஒருமுறை மூச்சிழுத்தால், இதயம் துடித்தால், தசை அசைந்தால் அது உயிருள்ள பிறப்பு. பிறகு அது அரைமணியில் இறந்தாலும் சிசு மரணம். உலக சுகாதார நிறுவனம் 1950-இல் வகுத்த வரையறை இது. பிரசவ அறையில் அந்த நிமிடத்தில் முடிவெடுப்பவர் களைத்துப்போன ஒரு செவிலியரோ மருத்துவரோதான். 'செத்துப் பிறந்தது' என்று எழுதிவிட்டால் ஒரு சிசு மரணம் குறைகிறது. ஒரு குழந்தையும் பிழைக்கவில்லை.

எஸ்.ஆர்.எஸ். கணக்கில் 2020-இல் இந்தியாவில் உயிரற்ற பிறப்பு ஆயிரத்துக்கு 3. ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் மதிப்பீடோ சுமார் 12. இவ்வளவு இடைவெளி இருக்கும்வரை, உயிரற்ற பிறப்பைப் பக்கத்தில் வைக்காமல் சிசு மரணத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்குதான்.

■ பெட்டி: ஒரு வல்லரசு மறைத்த எண்

சோவியத் ஒன்றியத்தில் 28 வாரத்துக்கு முன்பு அல்லது ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்து ஏழு நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் உயிருள்ள பிறப்பாகவே எண்ணப்படவில்லை. அப்படியும் 1971-இல் 22.9 ஆக இருந்த விகிதம் 1974-இல் 27.9 ஆக ஏறியது. அதோடு எண்களை வெளியிடுவதையே மாஸ்கோ நிறுத்தியது. பிரெஞ்சு ஆய்வாளர் எம்மானுவேல் டோட் இந்த ஏற்றத்தை முக்கியச் சான்றுகளில் ஒன்றாக வைத்து, 1976-இலேயே சோவியத் அமைப்பு உடையும் என்று எழுதினார். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, மத்திய ஆசியக் குடியரசுகளில் பதிவு மேம்பட்டதால் வந்தது என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எண் ஏறினால் நிலைமை மோசமாகியிருக்கலாம். எண்ணுவது சரியாகியும் இருக்கலாம்.

சராசரிக்குள் யார்?

2013-இல் கேரளத்தின் விகிதம் 12. அதே ஆண்டு பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போனால் வரும் இருளர், முதுகர், குறும்பர் ஊர்களில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுவதும் செய்தியானது. தாய்மாரின் கடும் ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, நிலம் பறிபோய் ராகியும் சாமையும் தட்டிலிருந்து மறைந்தது என்று காரணங்கள் பேசப்பட்டன. மாநிலச் சராசரி இந்த மரணங்களால் அசையக்கூட இல்லை, ஏனென்றால் மொத்தப் பிறப்பில் அவர்கள் பங்கு அவ்வளவு சிறியது. இலங்கையிலும் இதே கதைதான். 1946-இல் 141 ஆக இருந்த விகிதம் மலேரியா ஒழிப்புடன் சேர்ந்து அடுத்த ஆண்டே 101 ஆகி உலகமே எடுத்துக்காட்டாகச் சொன்ன நாட்டில், மலையகத் தோட்டப் பகுதிகளின் விகிதம் பல பத்தாண்டுகள் நாட்டுச் சராசரிக்கு மேலேயே கிடந்தது.

பணக்கார நாடும் விலக்கில்லை. அமெரிக்காவில் 2022-இல் விகிதம் 5.6. முந்தைய ஆண்டைவிடச் சுமார் 3 சதவீதம் கூடுதல், இருபதாண்டில் முதல் குறிப்பிடத்தக்க ஏற்றம். கறுப்பினக் குழந்தைகளுக்கு அது 10.9, வெள்ளையருக்கு 4.5. இந்தியாவுக்குள் 2020-இல் கிராமம் 31, நகரம் 19. மத்தியப் பிரதேசம் 43, கேரளம் 6.

சராசரியில் தெரியாதது சில நேரம் தலைப்புச் செய்தியில் வேறு விதமாகத் திரிகிறது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது ஏற்பட்ட கொந்தளிப்பு நினைவிருக்கும். எடை குறைவும் பிறக்கும்போதே மூச்சுத் திணறியதும் காரணம் என்று அரசு சொன்னது, வசதிக் குறைவு என்று எதிர்க்கட்சிகள் சொன்னன. மோசமான நிலையில் உள்ள குழந்தைகளைச் சுற்றுவட்டாரமே ஒரு மருத்துவமனைக்கு அனுப்பும்போது அங்கே இறப்பு எண்ணிக்கை கூடத்தான் செய்யும். எத்தனை குழந்தைகள் அனுமதிக்கப்பட்டார்கள், எந்த எடையில், எத்தனை மணி நேரம் கழித்து வந்தார்கள் என்ற விவரம் இல்லாமல் இறப்பு எண்ணிக்கை மட்டும் எந்தத் தரப்பையும் நிரூபிக்காது. அந்த விவரம் ஒவ்வொரு மருத்துவமனையின் பதிவேட்டிலும் இருக்கிறது. வழக்கமாக வெளியே வருவதில்லை.

ஒவ்வொன்றாக

தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஒரு பெண்ணுக்கு 1.4 குழந்தை என்பது 2020-இன் கணக்கு. பிறப்பு குறையும்போது விகிதம் மாறாவிட்டாலும் இறப்பு எண்ணிக்கை தானாகக் குறையும், அதைச் சாதனைப் பட்டியலில் சேர்க்க முடியாது. அதே வேளையில் தாமதத் திருமணம், செயற்கைக் கருத்தரிப்பு, அதனால் பெருகும் இரட்டைப் பிரசவங்கள் எல்லாம் குறைமாதப் பிறப்பை மேலே தள்ளுகின்றன. இனி ஒவ்வொரு புள்ளியும் எதிர்க்காற்றில் இறங்க வேண்டியதுதான்.

இந்தச் சிறிய எண்ணால் ஒரு வசதியும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பிறப்பு, ஆயிரத்துக்கு 12 என்று வைத்தால் 10,800 இறப்பு. 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 113 இருந்த காலத்தில் மாதிரி எடுத்துத்தான் மதிப்பிட முடிந்தது. இன்று ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்க முடியும். கர்ப்பம் பதிவானதும் தரப்படும் பிக்மி எண் பிரசவம், தடுப்பூசி வரை ஒரே இழையாக ஓடுவதால், எந்தக் கர்ப்பத்துக்கு முடிவு எழுதப்படவில்லை என்பதைச் செவிலியரால் உடனே கண்டுபிடிக்க முடியும்.

இறப்புத் தணிக்கை என்று ஆட்சியர் அலுவலகக் கூட்டங்களில் நடப்பது இந்த விசாரணைதான். மருத்துவமனைக் கேஸ் ஷீட்டைப் படிப்பது ஒரு பாதி. வீட்டுக்குப் போய், வலி எப்போது தொடங்கியது, வண்டி எப்போது கிடைத்தது, எத்தனை மருத்துவமனை மாறியது, போய்ச் சேர்ந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேட்பது மறுபாதி. முடிவெடுக்கத் தாமதமா, வந்து சேரத் தாமதமா, சிகிச்சை தொடங்கத் தாமதமா என்று பிரிப்பது இதில்தான். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இது யாரையும் தண்டிப்பதற்கான விசாரணை அல்ல என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. கூட்டத்தில் முதல் வரிசையில் அமர்ந்திருப்பவர் விளக்கக் கடிதம் கேட்கத் தொடங்கினால், அடுத்த மாதம் 'செத்துப் பிறந்தது' என்ற பத்தியில் எண்ணிக்கை கூடும். மாவட்டத்தின் சிசு மரண விகிதமும் அதே மாதம் அழகாகக் குறைந்திருக்கும்.